மாமன் நாற்காலியில் வைத்த டேப்லெட்

1

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் எச்சில் தட்டு கழுவியவன் நான். கப்பலில் வந்து இறங்கியபோது வயது இருபது, படிப்பு மூன்றாம் வகுப்பு, மலாயில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இன்றைக்குக் கிள்ளானில் எனக்குச் சொந்தமாக ஒரு சமையற்கூடம் இருக்கிறது. மூன்று லோரி ஓடுகிறது. இருபத்தெட்டுப் பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் இலை போட்டு, முதல் இலைக்கு வைத்ததையே கடைசி இலைக்கும் குறையாமல் வைக்க இந்தச் சிலாங்கூரில் எத்தனை பேரால் முடியும் என்று விசாரித்துப் பாருங்கள். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மழை கொட்டிக் கொட்டகை சரிந்து அடுப்பெல்லாம் அணைந்த பிறகும் எண்ணூறு பேருக்குச் சோறு போட்டேன். டெங்கிலில் சாலை வெள்ளத்தில் மூழ்கியபோது அண்டாக்களை டிராக்டரில் ஏற்றிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் கைதூக்கி விடவுமில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை. செய்தவன் சொல்லலாம்.

நம் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் இந்தப் புதுச் சாமான்களையெல்லாம் எப்படிக் கையாளுகிறார்கள், அதைப் பற்றி எழுதினால் ஊரில் இருக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். சரி என்றேன். என்னிடம் ஒரு சின்ன டேப்லெட் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் என் மகன் குமரனுக்குக் கல்யாணம். அறந்தாங்கி பக்கம் நான் கட்டிக்கொடுத்த என் மகள் செல்வி, கூடப்பிறந்த அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் இந்த டேப்லெட்தான் என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். டேப்லெட் மேல் குற்றம் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம்.

2

எட்டு இன்ச் சாமான் இது. நீளம் ஒரு சாண். ஒரு கட்டு அப்பளத்தை ஒரு கையில் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டு பார்க்கும்போது தூக்கம் வந்து முகத்தில் விழுந்தாலும் மூக்கு உடையாது. எனக்கு இரண்டு முறை விழுந்திருக்கிறது. பெரிய டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சார்ஜ் போட்டு எடுத்தால் மறுநாள் மதியம் வரை தாங்கும். வீடியோ ஓடவிட்டால் சாயங்காலத்திலேயே கேட்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஊர்ப் பத்திரிகைகளைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன். ஸ்பீக்கர் ஒரு பக்கம்தான். பிடிக்கும்போது நம் கையே அதை மூடிக்கொள்ளும், பிறகு சத்தம் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம். பின்பக்கக் கேமரா சுமார். வெளிச்சம் இருந்தால் படம் வரும், இல்லாவிட்டால் ஆளெல்லாம் புகைமூட்டத்தில் நிற்பதுபோல் இருக்கும். முன்பக்கக் கேமரா தேவலை. சாய்த்தால் படமும் சாய்ந்து திரும்பிக்கொள்ளும், எனக்குத் தலை சுற்றும். அதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். காலை வணக்கம் சொல்லிப் பூப்படம் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது, இடம் நிறைந்துபோகிறது.

ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால், மூட்டு ஆபரேஷன் ஆகி நான் வீட்டோடு கிடந்தபோது குமரன் இதை வாங்கி வந்தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைத் தங்கைக்கு ஊருக்கு அனுப்பினான்.

"எதுக்குடா அவளுக்கும் இதே?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே சாமான் இருந்தா, நீங்க எதை அமுக்கணும்னு அவ அங்கேருந்தே சொல்லிக் குடுத்துடுவாப்பா. என்னால ஒரு நாளைக்குப் பத்துத் தடவ ஓடி வர முடியாது லா."

அப்படியேதான் நடந்தது. எனக்கு டேப்லெட் பழக்கிவிட்டது செல்விதான். "அப்பா, பச்சையா இருக்கே, அத. ஐயோ, ரெண்டு வெரலால இல்லப்பா, ஒரு வெரலு!" என்பாள். என் தம்பி இதே மாதிரி ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறான். கற்றுக்கொடுக்க ஒரு செல்வி வேண்டும்.

3

ஒரு குறை சொல்ல வேண்டும். என் விரலை இது சரியாக ஏற்பதில்லை. மூன்று முறை தட்டினால் ஒரு முறை திறக்கும். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்துப் பிடித்து என் விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. இது டேப்லெட்டோடு நிற்கிற சங்கதி அல்ல. இந்த நாட்டில் எந்த கவுன்டருக்குப் போனாலும் பெருவிரலை வை என்பார்கள். என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக இங்கே இருக்கலாம், குடியுரிமை கிடையாது. ஒருமுறை கவுன்டரில் இருந்த பெண் பிள்ளை, "பாக்சிக், செக்காலி லாகி" என்றாள். பெரியவரே, இன்னொரு தடவை என்று அர்த்தம். வைத்தேன். இன்னொரு தடவை என்றாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். அவள் நல்ல பெண், ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். "இந்தக் கையாலேதான் நான் உங்க ஊரு பாதிப் பேருக்குச் சோறு போட்டேன்" என்று என் மலாயில் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட அதே கையெழுத்து.

என் பிள்ளைகள் இருவரும் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், பள்ளியில் எல்லாம் கலந்து. செல்வியை ஊரில் கட்டிக்கொடுத்த புதிதில், மிஞ்சிய சாப்பாட்டைப் பொட்டலம் கட்டவா என்று கேட்பதற்கு "தாபாவ் பண்ணவா லா?" என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள். பிறகு கவனமாகிவிட்டாள். இப்போது என்னோடு பேசும்போதுகூட அச்சு அசல் அறந்தாங்கிதான். அவளுடைய அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். குமரனும் அவளும் டேப்லெட்டில் பேசிக்கொள்ளும்போது மட்டும் அவள் வாயில் பழைய பேச்சு திரும்பி வந்துவிடும். "ஏய், பசியாறிட்டியா லா? மூஞ்சப் பாரு, பேய் புடிச்ச மாதிரி!" "நீ மட்டும் என்னவாம்? கன்னம் ரெண்டும் பாவ் மாதிரி ஊதிக் கெடக்கு!" பாவ் என்பது இங்கே ஆவியில் வேகவைக்கும் சீன ரொட்டி. இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கத்து அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். டேப்லெட் வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான் என்று எழுதியிருப்பேன், போன வருஷம் எழுதியிருந்தால்.

4

என் பேத்தி யாழினிக்கு மூன்றாம் வயசில் காதுகுத்து வைத்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளும் மலரை வாசிப்பதாகச் சொல்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். காதுகுத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாயின் கூடப்பிறந்தவன்தான் தாய்மாமன். அவனுக்கு மாலை போட்டு, தலைப்பாகை கட்டி உட்கார வைப்பார்கள். தாத்தா வராவிட்டால் பரவாயில்லை, அப்பனே ஒரு ஓரமாக நிற்கலாம். மாமன் இல்லாவிட்டால் அது விசேஷமே இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பின்னால் ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிற இடம் அது.

குமரன் மூன்று மாதம் முன்பே என்னிடம் சொன்னான். "அந்தத் தேதிக்கு எந்த ஆர்டரும் எடுக்காதீங்கப்பா. நான் மூணு நாள் போய்ட்டு வந்துடறேன்."

"சரிடா" என்றேன்.

பிறகு ஒரு டத்தோ வீட்டிலிருந்து ஆள் வந்தது. டத்தோ என்பது இங்கே சுல்தான் கொடுக்கிற பட்டம். பெரிய குடும்பம். முன்பு அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்று என் கையை விட்டு வேறொருவருக்குப் போய், அதை நான் பல வருஷம் மனதில் வைத்திருந்தேன். இப்போது அவர்களே என் வாசலில் வந்து நின்று, "உங்க சாப்பாடுதான் வேணும்னு பெரியவர் சொல்லிட்டார்" என்கிறார்கள். இரண்டாயிரம் இலை. தேதியைச் சொன்னார்கள். காதுகுத்து நாள் அதே நாள்.

எடுத்துக்கொண்டேன். மகனைக் கேட்கவில்லை.

குமரன் கோபப்படவில்லை. ஆர்டர் நோட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தான். பிறகு, "மூர்த்தி அண்ணன் பாத்துக்குவாருப்பா. சாமானெல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே நான் எடுத்து வச்சுட்டுப் போறேன்" என்றான். மூர்த்தி எங்கள் தலைமைச் சமையல்காரர், பதினெட்டு வருஷமாக இருக்கிறார். அவரால் முடியும். எனக்கும் தெரியும்.

"சரி, போய்ட்டு வா" என்று வாயால் சொன்னேன். மனதுக்குள் அப்படிச் சொல்லவில்லை. என்னால் காலை ஊன்ற முடியாத நேரம். அவ்வளவு பெரிய பந்தியில் என் வீட்டு ஆள் ஒருவன் நிற்கவில்லை என்றால் என் பேர் என்ன ஆகும் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

5

குமரனுக்கு மலேசியப் பாஸ்போர்ட். ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டும். இப்போதெல்லாம் வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் போட்டுவிடலாம், பதில் மெயிலில் வரும். ஒரு சாயங்காலம் என் டேப்லெட்டிலேயே உட்கார்ந்து போட்டான். அவனுடைய மெயிலில் ஆர்டரும் விளம்பரமுமாக நாளைக்கு நூறு வருகிறது, அதில் இது தொலைந்துபோகும் என்று என் மெயிலைக் கொடுத்தான்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் வராதே. வந்தா உடனே கண்ணுல படும்" என்று சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை மணி அடித்ததுபோல் ஒரு சத்தம். காலைத் தூக்கி முக்காலியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மெயிலில் குமரன் பேர் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் இந்தச் சாமானில் ஒரு வசதி உண்டு, வந்த மெயிலைத் தமிழாக்கிக் காட்டும். அதைச் செல்வி எனக்குப் பழக்கியிருந்தாள். தட்டினேன். என் விரலை எப்போதும் மறுக்கிறது, அன்றைக்கு ஒரே தட்டில் திறந்தது. 'வழங்கப்பட்டது' என்று காட்டியது. தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அன்று சாயங்காலம் குமரன் வந்து கேட்டான்.

"ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"ஒண்ணும் வரலடா."

மறுநாளும் கேட்டான். மறுநாளும் அதையே சொன்னேன். அடுத்த நாள், "அந்த மனு நம்பர் உங்க டேப்ல இருக்கு, எடுத்துக் குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்றான். சார்ஜ் இல்லை என்றேன். அண்டா கழுவ ஆள் வரவில்லை என்று அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். அவன் அப்படிப்பட்டவன். அப்பன் சொன்னால் நம்புவான்.

புறப்பட வேண்டிய நாள் தாண்டியது. அவன் தங்கையைக் கூப்பிட்டுப் பேசியதை நான் இந்த அறையிலிருந்து கேட்டேன். "விசா வரல செல்வி. சத்தியமா வரல. நான் என்ன பண்றது?" அந்தப் பக்கம் அவள் அழுதாள். அழுகையும் தெளிவாகக் கேட்டது. ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது.

அவன் என் அறைக்கு வந்து நின்றான். அப்போதுகூட என்னால் சொல்லியிருக்க முடியும். மறுநாள் அதிகாலையில் ஒரு விமானம் இருந்தது, நான் விசாரித்து வைத்திருந்தேன். விசாரித்தும் வைத்திருந்தேன், வாயைத் திறக்கவும் இல்லை. சொல்வதற்குப் பதிலாக யோசனை சொன்னேன்.

"அழாதீங்கடா. ரெண்டு பக்கமும் டேப் இருக்குல்ல? நாற்காலியில மாமன் இடத்துல டேப்ப வைக்கச் சொல்லு. நீ இங்கேருந்து வா. மாமன் வந்த மாதிரிதான்."

6

ஊரில் காலை ஒன்பது மணி முகூர்த்தம். இங்கே பதினொன்றரை, சரியாக முதல் பந்தி உட்காரும் நேரம். நான் டத்தோ வீட்டுப் பந்திக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குமரன் காதுகுத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுச் சட்டையை லோரியில் வைத்திருந்தான். ஓடி வந்து, முகத்தைத் துடைத்து, அதை மாட்டிக்கொண்டான். கீழே சாம்பார் தெறித்த கால்சட்டை. மேலே பட்டு.

படம் வந்தது. அவ்வளவு துல்லியம். நூலிழைகூடத் தெரிந்தது. செல்வி முதலில் மண்டபத்து நாற்காலியையும் அதன் மேல் போட்ட சிவப்புத் துணியையும் காட்டிவிட்டு, டேப்லெட்டை அந்தத் துணியில் சாய்த்து வைத்தாள். எங்களுக்கு முன்னால் தெரிந்தது கூட்டத்தின் முகங்கள். ஒவ்வொரு முகமும்.

"மாமன் எங்கப்பா?" என்றது ஒரு குரல்.

"இந்தா, நாற்காலியில சாஞ்சிருக்காரே!" என்றது இன்னொன்று. சிரித்தார்கள்.

என் தம்பி மகன் ராசு அங்கேதான் இருந்தான். அவனும் மாமன் முறைதான். கூட்டம் சிரித்ததைப் பார்த்து முன்னால் வந்து, டேப்லெட்டை எடுத்துச் செல்வியிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "பெரியப்பா, நான் மடியில வச்சுக்கறேன். அண்ணன் பக்கத்துல இருந்து பாக்கட்டும்" என்றான். நியாயமான பேச்சு.

நான் இங்கிருந்து கத்தினேன். "எந்திரிடா ராசு! என் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ எதுக்கு? டேப்ப வையி அங்க."

எழுந்துவிட்டான். டேப்லெட் மறுபடி நாற்காலிக்கு வந்தது. யாழினியை யார் மடியில் வைப்பது என்று தெரியாமல், கடைசியில் செல்வியே நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். குமரன் என் தோளுக்கு மேல் குனிந்து, "யாழும்மா, மாமா இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது நான் இன்னொன்றும் சொன்னேன். "மாமனுக்கு மாலை போடுங்கப்பா! முறை தப்பக் கூடாது!"

யாரோ மாலையைக் கொண்டுவந்தார்கள். சம்பங்கி மாலை. டேப்லெட்டுக்குப் போட்டார்கள். எங்கள் பக்கம் படத்தில் பூ மறைத்தது. பூவிதழ்களுக்கு நடுவில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு ஒரு கிழவியின் குரல் கேட்டது.

"அடப் பாவிகளா, உசுரோட இருக்கவன் படத்துக்கா மாலை போடுறீங்க!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலி, துணி, சாய்த்து வைத்த சட்டத்துக்குள் ஒரு முகம், அதைச் சுற்றி மாலை. நம் வீடுகளில் இதை எப்போது செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே எல்லாருக்கும் அதுதான் தெரிந்தது. செல்வி பிள்ளையை விட்டுவிட்டு எழுந்து மாலையைப் பிய்த்து எறிந்தாள். அண்ணன் முகம் தெரிந்ததும், "போய்டு அண்ணே, போய்டு, கட் பண்ணு" என்றாள்.

குமரன் கட் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். பந்தியில் ரசம் கேட்டுக் குரல் வந்தது. பட்டுச் சட்டையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

டத்தோ வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அருமையான சாப்பாடு.

7

அடுத்த வாரத்தில் சம்பந்தி வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: பக்கத்துத் தெருவுக்குப் பினாங்கிலிருந்து வந்த பையன் மூன்றே நாளில் விசா வாங்கினானே, உன் அண்ணனுக்கு மட்டும் எப்படி வராமல் போகும்? வர இஷ்டமில்லாதவன் விசா மேல் பழி போட்டான் என்று ஆகிவிட்டது. "மாலையும் போட்டாச்சு, படையல் எப்ப?" என்று ஒருத்தி கேட்டாளாம். செல்வி அண்ணனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள். 'வர மனசில்லன்னு சொல்லியிருக்கலாம், சத்தியம் பண்ணியிருக்க வேண்டாம்.' அதோடு அவன் எண்ணை அடைத்துவிட்டாள்.

குமரன் உண்மையைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. டேப்லெட்டில் இடம் நிறைந்துவிட்டது, சுத்தம் பண்ணிக் கொடு என்று நானே கொடுத்தேன், மெயில் உள்ளே கிடப்பதை மறந்து. என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். தள்ளிக்கொண்டே வந்த விரல் ஒரு இடத்தில் நின்றது. அது வந்த தேதியைப் பார்த்தான். வாசித்தாகிவிட்டது என்பதையும் அது காட்டும். என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். டேப்லெட்டை மூடி என் பக்கத்தில் வைத்து, "எடம் இருக்குப்பா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே அந்த மெயிலை அழித்தேன். அழித்தது முப்பது நாள் குப்பையில் கிடந்து தானாகவே போய்விடும். போய்விட்டது. இதையும் உபயோகமான தகவலாக எழுதிக்கொள்ளுங்கள்: அழிப்பதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

இந்த ஒரு வருஷத்தில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாழினி மட்டும் அவள் அப்பன் போனில் என்னோடு பேசுவாள். அவளுக்கு மாமன் என்றால் அந்தச் சாமான்தான். அம்மா அதை பீரோவில் பூட்டி வைத்துவிட்டாள் என்பதில் அவளுக்கு வருத்தம். போன மாதம் என்னிடம், "தாத்தா, மாமாவுக்கு சார்ஜ் போடணும், மாமா உள்ள தூங்குது" என்றாள். பக்கத்தில் குமரன் வெங்காய மூட்டை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. விழாததுபோல் எண்ணினான்.

8

போன வாரம் டேப்லெட் தானாகவே ஒரு படத்தைக் காட்டியது. 'போன வருஷம் இதே நாள்' என்று. நாம் கேட்கவே வேண்டாம், அதுவே நாள் பார்த்து எடுத்து நீட்டுகிறது. ஊரிலிருந்து அனுப்பிய காதுகுத்துப் படம். நாற்காலி, சிவப்புத் துணி, மாலை. மண்டபத்து வெளிச்சம் கண்ணாடியில் அடித்ததில் குமரன் முகம் தெரியவில்லை, கறுப்பாக இருக்கிறது. கறுப்பில் படம் எடுத்தவன் உருவம் மங்கலாகத் தெரிகிறது. மாமன் இருக்க வேண்டிய இடத்தில் எவனோ ஒரு போட்டோக்காரன்.

அன்றைக்கே செல்வியைக் கூப்பிட்டேன். அண்ணன் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் அடுத்த முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள்தான் போட வேண்டும். அதற்கு அவள் வர வேண்டும். அதுவரை அவள் சொல்லி அனுப்பியிருந்தது இதுதான்: "எம் பங்குக்கு நானும் ஒரு டேப்லெட் அனுப்புறேன். அது முடிச்சுப் போடட்டும்."

"செல்வி, ஒண்ணு சொல்றேன் கேளும்மா. அன்னிக்கு விசா வந்துருச்சு. நான்தான் மறைச்சேன். அண்ணனுக்கே அப்பத் தெரியாது."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"போதும்பா. எல்லாத்தையும் நான்தான் நான்தான்னு சொல்லி ஒங்களுக்குப் பழகிப்போச்சு. இப்ப அவன் தப்பையும் நீங்களே எடுத்துக்கணுமாக்கும்?"

"இல்லம்மா, சத்தியமா…"

"அம்மா வச்ச ரசத்தயே ஏங் கைப்பக்குவம்னு பந்தியில சொன்னவுக நீங்க. அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. மகன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு சப்பக்கட்டு கட்டுறீங்க, புரியுதுப்பா. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். அவள் சொன்ன ரசம் உண்மை. இன்றைக்கும் என் பேரில் விற்கிற ரசம் அது.

குமரனிடம் போய், நீயாவது சொல்லடா என்றேன்.

"என்னன்னு சொல்றது? எங்கப்பா பொய் சொன்னாருன்னா? கட்டிக்குடுத்த எடத்துல அவ தலை நிமிந்து நிக்க வேணாமா? விசா வரல, அவ்ளோதான். அவ வரலன்னா பரவால்ல லா, மூர்த்தி அண்ணன் பொண்ணு முடிச்சுப் போடும்."

"நீ ஏண்டா சுமக்கணும்?"

"விடுங்கப்பா. பழகிருச்சு."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் மலருக்கு எழுத உட்கார்ந்தேன். நான் வாயால் சொன்னால் நம்ப ஆளில்லை. காட்டத் தாளும் இல்லை, அழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது உங்கள் அச்சு மட்டும்தான். அறந்தாங்கிச் சம்பந்தி வீட்டுக்கு மலர் தவறாமல் போகிறது என்று தெரியும், அவர்கள் வாசிக்கிறவர்கள்.

ஆகையால் மலர்க் குழுவுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. இடம் போதவில்லை என்று முன்னால் எழுதியதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். சமையற்கூடத்தை வெட்டுங்கள், லோரியை வெட்டுங்கள். இதை மட்டும் வெட்டக் கூடாது. தேதி தெரிந்தே ஆர்டர் எடுத்தது நான். விசாவை வாசித்துவிட்டு மறைத்தது நான். ராசுவை நாற்காலியிலிருந்து எழுப்பியது நான். மாலை போடச் சொல்லிக் கத்தியது நான். என் மகன் குமரனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது, பாதியல்ல, காலல்ல, ஒன்றும் கிடையாது. இது முழுவதும் நான் தனியாகச் செய்தது. இதற்குரிய பேர் எனக்குத்தான் வர வேண்டும், அதை அவனுக்குக் கொடுத்து வைத்திருப்பவர்கள் அவனிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுக்க வேண்டும். பேரைச் சுருக்கிப் போடாதீர்கள். அப்பன் பேரோடு, ஊர்ப் பேரோடு, எல்லாருக்கும் அடையாளம் தெரிகிற மாதிரி முழுசாகப் போடுங்கள்.

சின்னையா மகன் ராமையா, கிள்ளான்.